பழைய தண்ணி பாட்டில்லயே திரும்பத் திரும்ப ரொப்பிக் குடிக்கலாமா? மலைக்கு வேலைக்குப் போறவங்க வீட்டுக்கு ஒரு முழு வழிகாட்டி

காலைல அஞ்சு மணிக்கு தேனி மாவட்டத்துக் கூடலூர்ல எங்க தெருவுல நின்னு பாத்தா முக்காவாசி வீட்டு வாசல்ல ஒரு கட்டைப்பை இருக்கும். அதுல தூக்குவாளி, பழைய முழுக்கைச் சட்டை, மழைக்குப் போத்திக்க ஒரு பிளாஸ்டிக் தாளு, அப்புறம் ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணோ ரெண்டோ. ஜீப் வந்து ஹாரன் அடிச்சதும் லோயர் கேம்ப் வழியா குமுளி ஏறி, கேரளாவுல இருக்குற அணைக்கரை, வண்டன்மேடு, புத்தடின்னு ஆளாளுக்கு ஒரு ஏலத்தோட்டத்துக்குப் போயிருவாங்க. எங்கம்மாவும் இருபது வருசமா அப்படித்தான் போயிட்டு வருது.

அந்த பாட்டில யாரும் காசு குடுத்து வாங்குறதில்ல, பஸ்ல யாராச்சும் தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தது, கல்யாண வீட்ல பந்தில வச்சது, இப்படி வந்து சேரும், ஒருதடவ வந்துச்சுன்னா மாசக்கணக்குல ஓடும். போன ஆடி மாசம் சாரல் விடாம பேஞ்சப்ப ஒருநாள் அம்மா அடுப்புல இருந்து எறக்குன சுடுதண்ணிய அப்படியே அந்த பாட்டில்ல ஊத்துச்சு, பாட்டில் நடுவுல சுருங்கி ஒருபக்கமா கோணிக்கிச்சு, அம்மா அதை ஒரு துண்டுல சுத்திப் பைக்குள்ள வச்சிட்டு ஜீப் ஏறிருச்சு. எனக்கு அன்னைக்குப் பூரா மனசு ஆறல. அதுக்கப்புறம் தேடித்தேடிப் படிச்சதையும், எங்க வீட்ல இப்ப என்ன மாத்தியிருக்கோம்ங்கிறதையும்தான் இங்க எழுதுறேன்.

மொதல்லயே விசயத்தச் சொல்லிர்றேன். நல்ல நெலமைல இருக்குற பாட்டில்ல ஆறுன சுத்தமான தண்ணிய ஊத்தி, தினமும் கழுவிக் காயவச்சு, கொஞ்ச நாளைக்கு ஓட்டுனா பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா நம்ம பக்கம் சுடச்சுட ஊத்துறோம், கழுவாம ஓட்டுறோம், அதே மாதிரி பாட்டில்லயே பூச்சிமருந்தும் மண்ணெண்ணெயும் வச்சிருக்கோம். இந்த மூணும்தான் ஆபத்து. வாட்சப்ல வர்ற பயமுறுத்துற மெசேஜ் எதுவும் இந்த மூணையும் பேசறதில்ல, எல்லாம் பாட்டில் அடில இருக்குற நம்பரப் பத்தியே பேசிட்டிருக்கு.

பாட்டிலக் கவுத்து அடியப் பாருங்க

சரி அந்த நம்பர்லயே ஆரம்பிப்போம். அடில ஒரு முக்கோணம், அதுக்குள்ள 1ல இருந்து 7 வரைக்கும் ஒரு நம்பர் இருக்கும். "1 போட்டிருந்தா ஒருதடவதான் யூஸ் பண்ணணும், 5 போட்டிருந்தா அஞ்சு தடவ"ன்னு எங்க தெருவுல ஒரு மதினி ரொம்ப நம்பிக்கையா சொல்லிட்டிருந்தாங்க. அது அப்படி இல்ல. 1988ல அமெரிக்கால பிளாஸ்டிக் தொழில் பண்றவங்க சங்கம் கொண்டு வந்த நம்பர் அது, பழைய பிளாஸ்டிக்க உருக்கி மறுபடி செய்யறவங்க எது எந்த வகைன்னு தரம் பிரிக்கறதுக்காக. எத்தனை தடவ குடிக்கலாம், நல்லதா கெட்டதான்னு அது சொல்லாது.

ஆனா எந்த வகைன்னு தெரிஞ்சா சூடு தாங்குமா தாங்காதான்னு நமக்குப் புரியும், அதுக்காகப் பாக்கலாம். கடைல வாங்குற தண்ணி பாட்டில், கலர் (கூல்டிரிங்ஸ்) பாட்டில் எல்லாம் 1, அதாவது பெட் (PET)ங்கிற பிளாஸ்டிக். பாத்திரக்கடைல ஃபிரிட்ஜுக்குன்னு விக்கிற கண்ணாடி மாதிரி பாட்டிலும் நிறைய பெட்தான், கொஞ்சம் தடிமனா இருக்கும் அவ்வளவுதான், அதையும் சுடுதண்ணி பாட்டில்னு நெனைக்காதீங்க. 2ம் 5ம் பால் மாதிரி மங்கலா, கொஞ்சம் வளையுற பிளாஸ்டிக், பிள்ளைங்க ஸ்கூல் பாட்டில், டிபன் டப்பா, பாட்டில் மூடியெல்லாம் இந்த ரெண்டுல ஒண்ணுதான் அதிகம். இந்த ரெண்டுல 5தான் சூடு நல்லாத் தாங்கும். 3, 6 ரெண்டுலயும் தண்ணி ஊத்திக் குடிக்க வேண்டாம். 7ங்கிறது "மத்ததெல்லாம்"னு அர்த்தம், பழைய 20 லிட்டர் வாட்டர் கேன் நிறைய அதுல வரும், அதுக்குப் பின்னாடி வர்றேன்.

நம்பரே தெரியல, தேஞ்சு போச்சுன்னா அதை பெட்னு வச்சுக்கிட்டு சூடு படாமப் பாத்துக்கங்க.

சூடு என்ன செய்யுதுன்னா

பெட் பிளாஸ்டிக் 70, 80 டிகிரி பக்கம் வரும்போதே இளக ஆரம்பிச்சிரும். அடுப்புல இருந்து எறக்குன தண்ணி அதுக்கும் மேல இருக்கும். அம்மா பாட்டில் கோணுனது அதனாலதான். பெட் செய்யும்போது ஆன்டிமனின்னு ஒரு உலோகத்தோட சேர்மத்தப் போடுவாங்க, அது கொஞ்சூண்டு பிளாஸ்டிக்லயே தங்கியிருக்கும், சூடு ஏற ஏற தண்ணில எறங்கும். 2008ல அமெரிக்கால அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆளுங்க இதை அளந்து பாத்திருக்காங்க. குடிதண்ணில ஆன்டிமனிக்கு அவங்க நாட்டு எல்லை ஒரு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம். சாதாரண ரூம் சூட்டுல மூணு மாசம் வச்சும் அந்த எல்லைக்குப் பக்கத்துலகூட வரல. 60 டிகிரில வச்சப்ப எல்லையத் தாண்ட 176 நாள் ஆச்சு. 70 டிகிரில 12 நாள். 80 டிகிரில ரெண்டே கால் நாள், 85ல ஒண்ணே கால் நாள்.

இந்தக் கணக்க நல்லாப் பாருங்க. பத்து பத்து டிகிரி ஏறும்போது நாள் எவ்வளவு வேகமா கொறையுதுன்னு தெரியுதுல்ல. வெயில்ல நின்ன கார்ல ஒருநாள் கெடந்த பாட்டில்ல தண்ணி குடிச்சா உடனே விசமாயிராது, ஒருதடவ சுடுதண்ணி ஊத்திட்டோம்னா அன்னைக்கே ஒண்ணும் ஆயிராது. ஆனா அம்மா மாதிரி தினம் தினம், வருசக்கணக்குல, கொதிக்கக் கொதிக்க ஊத்தி, அதையும் துணில சுத்தி சூடு ஆறாமப் பாத்துக்கிட்டுப் போறவங்களுக்கு இது சும்மா விடுற விசயம் இல்ல. ஆன்டிமனி மட்டும் இல்ல, பாட்டில் சூடாகும்போது அசிட்டால்டிஹைடுன்னு ஒண்ணும் வரும், வெயில்ல கெடந்த தண்ணில ஒருமாதிரி இனிப்பு கலந்த பிளாஸ்டிக் வாடை அடிக்கும் பாருங்க, அது அதுதான். அந்த வாடை அடிச்சா அந்தத் தண்ணிய செடிக்கு ஊத்திருங்க.

வாட்சப்ல வருஷா வருஷம் சுத்துற ஒரு மெசேஜ் இருக்கு, கார்ல வச்ச பாட்டில்ல டையாக்சின்ங்கிற விச வேதிப்பொருள் வரும், ஃப்ரீசர்ல வச்சாலும் டையாக்சின் வரும், கேன்சர் வரும்னு, ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ங்கிற அமெரிக்க யுனிவர்சிட்டி பேர வேற போட்டிருப்பாங்க. அந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ்லயே இருந்த ரோல்ஃப் ஹால்டன்ங்கிற ஆராய்ச்சியாளர் 2004லயே இது தப்புன்னு சொல்லிட்டார், பெட்ல டையாக்சின் இல்ல, குளிருல வச்சா பிளாஸ்டிக்ல இருந்து எறங்குறது இன்னும் கொறையத்தான் செய்யும். அதே மாதிரி தண்ணி பாட்டில்ல பிபிஏ (பிஸ்பீனால்-ஏங்கிற வேதிப்பொருள்) இருக்குன்னு சொல்றதும் பெட்டுக்குப் பொருந்தாது, பிபிஏ இருக்குறது வேற பிளாஸ்டிக்ல.

இன்னொண்ணு சொன்னா ஆச்சரியப்படுவீங்க. கொதிக்க வைக்க விறகு இல்லாத ஏழை நாடுகள்ல இதே பெட் பாட்டில்ல தண்ணிய ரொப்பி கூரை மேல ஆறு மணி நேரம் நல்ல வெயில்ல படுக்க வச்சிட்டு, கிருமி செத்தப்புறம் குடிக்கச் சொல்றாங்க, மேகமா இருந்தா ரெண்டு நாள். லெபனான்ல பெய்ரூட்ல ஆரம்பிச்ச வேலை, அப்புறம் சுவிட்சர்லாந்துல ஒரு நிறுவனம் அதை ஊர் ஊரா பரப்புச்சு. அழுக்குத் தண்ணி குடிச்சு பிள்ளைங்க வயித்தால போயி சாகறத விட இந்த பாட்டில் எவ்வளவோ மேல். நம்ம பயமும் அந்த அளவுலதான் இருக்கணும், கிருமிக்கு மொதல்ல பயப்படணும், பிளாஸ்டிக்குக்கு அடுத்துதான்.

கொதிக்க வச்ச தண்ணிய எப்படி ரொப்புறது

மலைல குளிரும், அதனால சுடுதண்ணி வேணும்னு அம்மா சொல்லும். அதோட கேரளா பக்கம் தண்ணின்னாலே கொதிக்க வச்சுத்தான் குடிப்பாங்க, அது ரொம்ப நல்ல பழக்கம், நாம கத்துக்க வேண்டியது. குமுளில எந்த ஹோட்டல்ல உக்காந்தாலும் பதிமுகம்ங்கிற மரச்சீவல் போட்ட செவப்புத் தண்ணியோ ஜீரகத் தண்ணியோ ஆவி பறக்க கொண்டு வந்து வைப்பாங்க. நம்ம ஆளுங்க என்ன செய்யறாங்கன்னா சாப்ட்டு முடிச்சிட்டு "சேட்டா, கொறச்சு வெள்ளம்"னு (அண்ணே, கொஞ்சம் தண்ணி) கேட்டு காலி பாட்டில நீட்டுறாங்க, அவரும் பாவம் அந்தச் சூட்டோடவே ஊத்திக் குடுக்குறாரு. மாலை போட்ட சாமிங்க சீசன்ல பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்னா இதை நூறு தடவ பாக்கலாம்.

அப்ப சூடா ஊத்தக் கூடாது, ஆறட்டும்னா நேரம் இல்ல, ஜீப் வந்திரும். அதுக்கு நெறைய பேர் ஒரு குறுக்கு வழி வச்சிருக்காங்க, பாதி சுடுதண்ணி, பாதி குழாத்தண்ணி கலந்து வெதுவெதுன்னு ஆக்கி ஊத்துறது. இதை மட்டும் தயவு செஞ்சு செய்யாதீங்க. கொதிக்க வச்சதோட பலனே போயிரும், கலந்த அந்தப் பாதித் தண்ணில இருக்குற கிருமி அப்படியே உசுரோட இருக்கும். மலையாளத்துல பச்சவெள்ளம்னு சொல்றது இந்தக் கொதிக்காத தண்ணியத்தான், அங்க மஞ்சக்காமாலை பரவுற காலத்துலயெல்லாம் சுகாதாரத்துறைக்காரங்க கொதிச்ச தண்ணில பச்சவெள்ளம் கலக்காதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க, அதுக்குக் காரணம் இதுதான்.

எங்க வீட்ல இப்ப ராத்திரி சோறு வடிச்சப்புறம் அதே அடுப்புல தண்ணி வச்சிர்றோம். தளதளன்னு கொதி வந்தப்புறம் ஒரு நிமிசம் கொதிச்சா போதும். 2000 மீட்டருக்கு மேல இருக்குற எடம்னா மூணு நிமிசம்னு சொல்றாங்க, நம்ம குமுளி வண்டன்மேடெல்லாம் அந்த உசரம் இல்ல, அதனால ஒரு நிமிசமே சரி. கொதிச்சதும் அதே பாத்திரத்துலயே தட்டு போட்டு மூடி வச்சிர்றது, வேற பாத்திரத்துக்கு மாத்துறதில்ல, டம்ளர உள்ள விட்டு மோந்து எடுக்கறதும் இல்ல. காலைல ஆறி இருக்கும், சாய்ச்சு நேரா பாட்டில்ல ஊத்திக்க வேண்டியதுதான். அவசரத்துல ஒருநாள் காலைலதான் கொதிக்க வைக்க முடிஞ்சுதுன்னா, பாத்திரத்த மூடுன மேனிக்கே ஒரு அகலச் சட்டில பச்சத் தண்ணி ஊத்தி அதுக்குள்ள எறக்கி வைங்க, கால் மணி நேரத்துல நல்லா எறங்கிரும். சுத்தமான ஸ்பூன்ல ரெண்டு சொட்டு எடுத்து மணிக்கட்டுல விட்டுப் பாருங்க, பிள்ளைக்குப் பால் சூடு பாக்கற மாதிரி, சுடலைன்னா பாட்டிலுக்கு ஓகே.

சூடாவே வேணும்கிறவங்களுக்கு ஸ்டீல் ஃப்ளாஸ்க்தான் வழி. அம்மாவுக்கு போன தீவாளிக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன், மொதல்ல கனமா இருக்கு, தொலைஞ்சிரும், ஜீப்ல யாராச்சும் எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு ஆயிரம் காரணம் சொல்லுச்சு. பேர வெட்டிக் குடுத்தப்புறம்தான் கொண்டு போக ஆரம்பிச்சுச்சு.

கழுவுறது, இதுலதான் எல்லாரும் கோட்டை விடறோம்

பிளாஸ்டிக் விசமாகி நமக்கு நோவு வர்றத விட பாட்டில் அழுக்காகி நோவு வர்ற வாய்ப்புதான் ரொம்ப ரொம்ப அதிகம். தண்ணிதானே, தண்ணி ஊத்துன பாட்டில் எப்படி அழுக்காகும்னு எங்கப்பா கேப்பாரு. வாய வச்சுக் குடிக்கும்போது எச்சில் உள்ள போகும், கையில இருக்குற மண்ணு மூடிக்குப் போகும், பாட்டில் நாள் பூரா ஈரமாவே இருக்கும். மூணு நாள் கழுவாத பாட்டிலுக்குள்ள வெரல விட்டுத் தடவிப் பாருங்க, வழுவழுன்னு ஒரு படலம் இருக்கும். அது கிருமிங்க கூடு கட்டி ஒட்டிக்கிட்டு இருக்கறது, சும்மா தண்ணி ஊத்திக் குலுக்கிக் கொட்டுனா அது போகாது. கனடால கால்கரில ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாட்டில்ல இருந்து தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணுனாங்க, 2002ல அது வெளிவந்துச்சு, சிலதுல மலத்துல இருந்து வர்ற கிருமி வகையே இருந்துச்சு. குழாத்தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு, பிள்ளைங்க கை கழுவாததும் பாட்டில் கழுவாததும்தான் காரணம்.

நம்ம பெரியவங்க அண்ணாந்து குடின்னு சொல்லி வளத்தாங்க. எங்க அம்மாச்சி வீட்ல சொம்புல வாய வச்சா மண்டைல கொட்டு விழும். அப்ப அதை ஆசாரம்னு நெனச்சோம், இப்ப பாத்தா பாட்டில் சுத்தத்துக்கு அதவிடச் சிறந்த ஒரு பழக்கமே இல்ல. ஒரு பாட்டில நாலு பேர் குடிக்கிற தோட்டத்துல வாய் படாம அண்ணாந்து குடிச்சா பாதி நோவு நின்னு போகும். இந்தக்காலப் பிள்ளைங்களுக்கு ஸ்ட்ரா வச்ச பாட்டில் வாங்கிக் குடுத்து நாமளே அந்தப் பழக்கத்தக் கெடுத்துட்டோம்.

சரி எப்படிக் கழுவுறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த உடனே மிச்சத் தண்ணியக் கொட்டிருங்க, நேத்துத் தண்ணி மேல இன்னைக்குத் தண்ணி ஊத்துறது வேண்டவே வேண்டாம். பாத்திரம் வெளக்குற சோப்பு ஒரு துளி, வெதுவெதுப்பான தண்ணி கால் பாட்டில், கூட ஒரு கைப்பிடி அரிசி, குருணையா இருந்தாலும் சரி, போட்டு மூடி நல்லா ஒரு நிமிசம் குலுக்குங்க. பாட்டில் கழுத்துக்குள்ள பிரஷ் போகாத எடத்துலயெல்லாம் அரிசி போயி தேச்சுட்டு வந்திரும். சில பேர் மணலும் சின்னக் கல்லும் போட்டுக் குலுக்குவாங்க, அது உள்ள கீறல் போட்டுரும், கீறல்ல கிருமி போயி ஒக்காந்துக்கும், அப்புறம் எந்த சோப்புக்கும் வராது. கம்பி நாரும் அதே மாதிரிதான். பிரஷ் இருந்தா பிரஷ், இல்லன்னா அரிசி.

மூடிய மறந்திராதீங்க. கெட்ட வாடை பாதிக்கு மேல மூடில இருந்துதான் வரும், அந்த மரைக்குள்ள ஒரு பழைய டூத் பிரஷ் வச்சுத் தேச்சுப் பாருங்க, கறுப்பா வரும். பாட்டில் வாயில இருக்குற மரையையும் தேய்க்கணும், நம்ம உதடு படுற எடமே அதுதான்.

அப்புறம் காயவைக்கறது. கழுவிட்டு ஈரத்தோட மூடி போட்டு வச்சா கழுவாததும் ஒண்ணுதான். கவுத்து வைக்கும்போது தரையில அப்படியே குப்புற வச்சா காத்து போகாது, பாத்திரக் கூடைல சாய்ச்சு வைங்க, இல்ல ரெண்டு குச்சிய குறுக்க வச்சு அது மேல கவுத்துங்க. மூடி தனியா காயட்டும். ராத்திரி காஞ்சு காலைல ரொப்பணும், ஆளுக்கு ரெண்டு பாட்டில் இருந்தா ஒண்ணு ஓடும்போது ஒண்ணு காயும். மழைக்காலத்துல கூடலூர்லயே ஒண்ணும் காயாது, அப்ப அடுப்படில வைங்க, ஆனா அடுப்புக்கு மேல வேண்டாம்.

வாரம் ஒருதடவ கொஞ்சம் கூடுதலா செய்யணும். வாசனை சேக்காத சாதா ப்ளீச் திரவம் கடைல கெடைக்கும், ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி. பாட்டில மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவிட்டு, இந்தத் தண்ணிய ரொப்பி மூடிக் குலுக்கி, அரை நிமிசமாச்சும் எல்லாப் பக்கமும் படுற மாதிரி வச்சிட்டுக் கொட்டி, நல்ல தண்ணில அலசிக் காயவச்சிருங்க. ப்ளீச்சோட பாத்ரூம் ஆசிட்டோ வினிகரோ எலுமிச்சையோ கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும், மூச்சு முட்டிரும். வாடை மட்டும் போகணும்னா அது வேற நாள்ல, ஒரு ஸ்பூன் சமையல் சோடா வெதுவெதுப்பான தண்ணில கரைச்சு ராத்திரி பூரா ஊற வைங்க. பதிமுகம் ஊத்தி ஊத்தி பாட்டில் ரோஸ் கலர் ஆயிருந்தா கறை போகுதோ இல்லையோ, உள்ள அழுக்கு இருக்கா இல்லையான்னே தெரியாது, அந்த பாட்டிலக் கழிச்சிருங்க.

கொதிக்கிற தண்ணிய ஊத்திக் கழுவலாமான்னு கேக்காதீங்க, பெட்டுக்கு ஆகவே ஆகாது, மேல சொன்ன சூட்டுக் கதைதான்.

தண்ணி தவிர என்ன ஊத்தலாம்

மோரு, பாலு, ஜூஸ், சர்பத்து, எலுமிச்சைத் தண்ணி ஊத்துன பாட்டில மறுபடி தண்ணிக்குன்னு எடுக்காதீங்க, இனிப்பும் கொழுப்பும் இருந்தா கிருமி ரெண்டே மணி நேரத்துல பெருக ஆரம்பிச்சிரும், அந்தக் குறுகின கழுத்துக்குள்ள இருந்து எண்ணெய்ப் பிசுக்க எடுக்கவும் முடியாது. கல்யாணத்துக்கு மறுநாள் ரசத்தையும் பாயாசத்தையும் சூட்டோட பாட்டில்ல ஊத்திக் குடுத்து விடுவாங்க பாருங்க, அதை நிறுத்தணும், தூக்குவாளி எதுக்கு இருக்கு. தேங்காண்ணெய், நல்லெண்ணெய் கொஞ்ச நாளைக்கு வச்சுக்கலாம், ஆனா அது எண்ணெய் பாட்டிலாவே இருக்கட்டும்.

இந்தப் பகுதிய மட்டுமாச்சும் வீட்ல வாசிச்சுக் காட்டுங்க

ஆறு வருசத்துக்கு முன்னாடி எங்க சொந்தக்கார வீட்ல, மலைல லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்ல குடியிருந்தாங்க, ஜன்னல் திண்டுல ஒரு தண்ணி பாட்டில்ல மண்ணெண்ணெய் வச்சிருந்தாங்க. நாலு வயசுப் பையன், வெளையாடிட்டு வந்து தாகத்துல எடுத்து ரெண்டு மடக்குக் குடிச்சிட்டான். பயந்து போயி வாயில வெரல விட்டு வாந்தி எடுக்க வச்சிருக்காங்க, அதுதான் தப்பாப் போச்சு, வாந்தி வரும்போது மண்ணெண்ணெய் நெஞ்சுக்குள்ள எறங்கி மூச்சுக்குழாயில போயி, ஒம்பது நாள் ஆஸ்பத்திரில கெடந்தான். பொழைச்சுட்டான். இன்னைக்கும் குளிர் காலம் வந்தா அவங்கம்மா அவன் இருமுறத காது குடுத்துக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க.

ஏலத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கிறது ஓயாம நடக்கும். பெரிய கேன்ல இருந்து கொஞ்சமா எடுத்துட்டுப் போக, வீட்டுக் காய்கறிக்கு அடிக்கக் கொஞ்சம் கொண்டு வர, கைக்குக் கெடைக்கறது காலி தண்ணி பாட்டில்தான். தின்னர், ஆசிட், பினாயில், ப்ளீச், எல்லாம் அதுலதான். பாக்கறதுக்குத் தண்ணி மாதிரியே இருக்கும், இல்லன்னா சர்பத்து மாதிரி இருக்கும். சாயங்காலம் இருட்டுல, களைப்புல, பெரியவங்களே எடுத்துக் குடிச்சிருவாங்க. இதுக்கு நம்பரும் டிகிரியும் பாக்க வேண்டியதில்ல, ஒரே மடக்குல உசுருக்கே ஆபத்து.

அதனால மருந்து எதுவா இருந்தாலும் அது வந்த டப்பாவுலயே, லேபிளோட, மூடி இறுக்கி, பிள்ளைங்க கை எட்டாத எடத்துல, பூட்டி வைக்கணும். தோட்டத்துல கொஞ்சம் குடுத்து விட்டா வாங்காதீங்க, சண்டை வந்தாலும் பரவால்ல. குடிக்கிற பாட்டிலயும் மருந்துச் சாமானையும் ஒரே பையில போடாதீங்க. மருந்து கலக்குன பாட்டில், எத்தனை தடவ கழுவுனாலும் குடிக்கறதுக்கு ஆகாது, மூணு தடவ அலசி அந்தத் தண்ணியத் தெளிக்கிற டேங்க்லயே ஊத்திட்டு, ஆணி வச்சு ஓட்டை போட்டுருங்க, அப்பத்தான் வேற யாரும் எடுக்க மாட்டாங்க.

யாராச்சும் தெரியாமக் குடிச்சிட்டா: வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத்தண்ணி, சோப்புத்தண்ணி, பால், மோரு எதையும் வாயில ஊத்தாதீங்க. மேல சிந்தியிருந்தா துணியக் கழட்டிட்டு ஒடம்பக் கழுவி விடுங்க. 108க்குப் போடுங்க, தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும் ரெண்டு பக்கமும் அதே நம்பர்தான். குடிச்ச பாட்டிலையும் மருந்து டப்பா லேபிளையும் கையோட எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்கு என்ன குடிச்சாங்கன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் பாக்க முடியும்.

எப்ப தூக்கிப் போடணும்

இத்தனை நாள்தான்னு ஒரு கணக்கு இல்ல, பாட்டில் நெலமைதான் கணக்கு. உள்ள வெள்ளையா மங்கிருச்சு, கீறல் தெரியுது, நசுங்கி மடிஞ்ச கோடு விழுந்திருச்சு, அடில பச்சையா பாசி ஏறியிருக்கு, கழுவி மோந்து பாத்தா வாடை அடிக்குது, மூடி இறுக மாட்டேங்குது, இதுல எது ஒண்ணு வந்தாலும் போதும். எங்க வீட்ல மெலிசான கடைத்தண்ணி பாட்டில ஒரு வாரத்துக்கு மேல ஓட்டுறதில்லன்னு வச்சிருக்கோம், அது சட்டம் இல்ல, எங்க மனசுக்கு வச்சுக்கிட்டது. மெலிசு பாட்டில அமுக்கி அமுக்கி, மூடியத் திருகித் திருகித் தொறந்து மூடும்போது கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள் தண்ணில விழுது. 2024 ஜனவரில அமெரிக்கால கொலம்பியா யுனிவர்சிட்டில அளந்து பாத்தப்ப கடைல விக்கிற தண்ணிலயே ஒரு லிட்டருக்கு சராசரியா ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் துகள் இருந்துச்சுன்னு சொன்னாங்க, அது ஒடம்புல என்ன செய்யும்ங்கிறது இன்னும் ஆராய்ச்சிலதான் இருக்கு, ஆனா நசுங்குன பழைய பாட்டில விடாம ஓட்டுறதுக்கு எந்தக் காரணமும் இல்ல.

20 லிட்டர் கேன் கதை வேற. பழைய நீலக் கேன் பெரும்பாலும் பாலிகார்பனேட்ங்கிற பிளாஸ்டிக், அதுலதான் பிபிஏ. 2008ல அமெரிக்கால சின்சினாட்டி யுனிவர்சிட்டில இதே பிளாஸ்டிக்ல செஞ்ச பாட்டில வச்சுப் பாத்தாங்க, பாட்டில் புதுசா, ஒம்பது வருசம் ஓடுன பழசாங்கிறது பெரிய வித்தியாசமா இல்ல, கொதிக்கிற தண்ணிய ஊத்துனப்பதான் பிபிஏ எறங்குற வேகம் 15ல இருந்து 55 மடங்கு வரைக்கும் ஏறுச்சு. பிபிஏவ ஐரோப்பால 2011லயே கைப்பிள்ளைங்க பால் பாட்டில்ல இருந்து தூக்கிட்டாங்க, 2023ல ஒரு நாளைக்கு எவ்வளவு ஒடம்புல சேரலாம்ங்கிற அளவ இருபதாயிரம் மடங்கு கொறச்சாங்க. அதனால கேன் எறக்கும்போது பாருங்க, வெயில்ல லோடு ஆட்டோல மத்தியானம் வரைக்கும் கெடந்ததா, உள்ள கீறல் இருக்கா, கலர் வெளிறியிருக்கா, சீல் ஒழுங்கா இருக்கா. சரியில்லன்னா மாத்திக் கேளுங்க. காலிக் கேன்ல சுடுதண்ணி ஊத்தி வைக்கறதும் வேண்டாம். கைப்பிள்ளைக்குப் பால் பாட்டில் கண்ணாடியோ ஸ்டீலோ வாங்குங்க, பிளாஸ்டிக்குன்னா 5 நம்பர் பாத்து.

ஸ்கூல் போற பிள்ளைங்களுக்கு அகல வாய் ஸ்டீல் பாட்டில்தான் என் ஓட்டு, கை உள்ள போயி தேய்க்கற அளவுக்கு வாய் இருக்கணும், அதுதான் முக்கியம். செம்பு பாட்டில்ல தண்ணி மட்டும், எலுமிச்சையோ மோரோ ஊத்தக் கூடாது.

கழிச்ச பாட்டில நசுக்கி, மூடியப் போட்டு, சாக்குல சேத்து வச்சு பழைய சாமான் கடைக்குப் போடுங்க. லேபிள்லயே நசுக்கிப் போடச் சொல்லி எழுதியிருக்கும், நசுக்காமப் போட்டா அதை எடுத்து கண்ட தண்ணிய ரொப்பி வித்துருவாங்க. கேரளா பக்கம் குடியிருக்கறவங்களுக்கு பிளாஸ்டிக் குப்பை சேகரிக்கிற ஹரித கர்ம சேனா அக்காமாரு வீட்டுக்கே வந்து எடுத்துக்குவாங்க, கழுவிக் காயவச்சுக் குடுக்கணும். தேக்கடி காட்டுக்குள்ள பிளாஸ்டிக் கொண்டு போகவே கூடாது. குளிருக்குத் தோட்டத்துல தீ மூட்டும்போது பாட்டில உள்ள தூக்கிப் போடுற பழக்கம் நம்ம ஆளுங்களுக்கு இருக்கு, கைய நீட்டிக் குளிர் காயுறவங்க மூஞ்சிக்கு நேராத்தான் அந்தப் புகை வருது, அம்மாகிட்ட சொல்லி இருக்கேன், ஜீப்ல வர்ற மத்த அத்தைங்ககிட்டயும் அது சொல்லிக்கிட்டு இருக்கு.